கண்ணுக்குள் ஒரு குமிழி, மலைமேல் ஒரு காதுகுத்து

கண் டாக்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளை விடாமல் கூப்பிட்டு நீங்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மேடம், இந்த நோயாளிக்குப் பெல்ட்டா, கேஸா, ஆயிலா?" கூடவே ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறீர்கள். பதிலுக்கு நான், "ஆள் எந்த ஊரு, என்ன வேலை பார்க்கிறாரு, அடுத்த ரெண்டு மாசத்துல எங்கெங்க போகணும்?" என்று கேட்டால், கிழவிக்குப் பொழுது போகவில்லை, ஊர்க்கதை கேட்கிறாள் என்று உங்களுக்குள் சிரித்துக்கொள்கிறீர்கள். எனக்குத் தெரியாதென்று நினைக்காதீர்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான். ஒருநாள் நான் சிரித்த சிரிப்பு, ஒரு மனிதரின் ஒரே கண்ணை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன?

அவரை லேத்துக்காரர் என்றே சொல்கிறேன், பேர் வேண்டாம். வீடு மதுரை விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரம், வேலை கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில். முப்பதைத் தாண்டிய வயது. சோடாபுட்டிக் கண்ணாடி. சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் மேல்பக்கம் திரை இறங்கின மாதிரி ஏதோ மறைக்கிறது என்று மனைவியோடு வந்தார். பார்த்தேன். விழித்திரை விலகியிருந்தது, ஓட்டைகள் கீழ்ப்பக்கம். நடு மையம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரிரு நாளில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் அதுவும் போய்விடும்.

அவர்களுக்கு விளக்கம் சொன்னேன். மதுரைக்காரர்களுக்கு விழித்திரையைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம், போஸ்டர் என்றால் போதும். "உள்சுவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டர் மாதிரி இது. ஓட்டை வழியா தண்ணி எறங்கி, சுவத்தை விட்டுப் பேந்துருச்சு. திரும்ப ஒட்ட ரெண்டு வழி இருக்கு. வெளியிலேருந்து கண்ணைச் சுத்தி ஒரு சிலிக்கான் பெல்ட்டைத் தச்சு, சுவத்தை போஸ்டர் பக்கமா தள்ளலாம். இல்ல, உள்ள போய், தண்ணியை எடுத்துட்டு, கேஸையோ ஆயிலையோ நிரப்பி போஸ்டரைச் சுவத்தோட அழுத்தலாம்."

இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டால், ஆளைப் பொறுத்தது என்பதுதான் யோக்கியமான பதில். பெல்ட் போட்டால் வலியும் வீக்கமும் கொஞ்சம் அதிகம், கண்ணாடி நம்பர் கூடும், பார்வை மெதுவாகத் தெளியும். ஆனால் குப்புறப் படுக்க வேண்டாம். கேஸ் தானாகவே கரைந்துவிடும், இன்னொரு ஆபரேஷன் கிடையாது. ஆனால் கரைகிற வரைக்கும் தலையைச் சொன்னபடி கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், எதிரே எல்லாம் கலங்கல்தான். ஆயில் அப்படியே நிற்கும், கொஞ்சம் பார்வையும் தரும், ஆனால் பிறகு அதை எடுக்க ஒரு முறை திரும்ப வர வேண்டும். இளம் வயது, கண்ணின் சொந்த லென்ஸ் அப்படியே இருக்கிறது, ஓட்டை கீழே: இப்படிப்பட்ட கண்ணுக்குப் பெரியவர்கள் எல்லாரும் பெல்ட்டைத்தான் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும்.

தெரிந்தும் நான் கேஸ் என்றேன். ஏனென்றால் எங்களுக்கு அப்போதுதான் புது மெஷின் வந்திருந்தது. ஊசிமுனை அளவுத் துளை, தையலே இல்லை, முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும் என்பார்களே, நான் அந்த மாதத்தில் எதைப் பார்த்தாலும் அதைக்கொண்டே பெருக்கிக்கொண்டிருந்தேன். பெல்ட் பழைய காலத்து வேலை என்று ஒரு மிதப்பு. அதை அன்றைக்கு யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

ஒருத்தி சொன்னாள். எங்கள் கவுன்சலர். நாம் முடிவெடுத்தபின் நோயாளியோடு உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறோம், பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிற பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பழைய டவுனில் வளையல் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவள் என் அறைக்கு வந்து, "மேடம், கேஸ் வச்சா ஒத்தக் கண்ணுக்காரரு ஒரு மாசத்துக்கு மேல குருடு மாதிரிதான இருப்பாரு? பெல்ட்டுன்னா கொஞ்சம் தெரியும்ல?" என்றாள்.

"ஆபரேஷன் நான் பண்றேனா, நீ பண்றியா?" என்றேன்.

முகம் சுருங்கிப் போய்விட்டாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவள் சத்தத்தோடு சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மறுநாள் போஸ்டர் சுவரோடு ஒட்டியிருந்தது. அச்சடித்த அறிவுரைத் தாளை வைத்துக்கொண்டு நானே வாசித்தேன்: தலையைக் கவிழ்த்தே இருங்கள், வண்டி ஓட்டாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள், விமானத்தில் போகாதீர்கள். உயரே போனால் கேஸ் விரியும், கண்ணில் அழுத்தம் ஏறும்.

விமானம் என்றதும் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டு ஓட்டுக்கு மேலதான் டாக்டரம்மா தெனமும் எறங்குது. இந்த மூஞ்சிகளை யாரு பிளேன்ல ஏத்தப் போறாங்க?"

லேத்துக்காரரும் குனிந்த தலையோடு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாளை மடித்து அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பதினோராம் நாள் காலை, புறநோயாளிப் பிரிவில் நல்ல கூட்டம். நான் ஒரு கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவுன்சலர் தன் செல்போனை நீட்டிக்கொண்டே ஓடிவந்தாள். நோயாளிகளுக்கெல்லாம் தன் சொந்த நம்பரைக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு. அதற்காகவும் நான் திட்டியிருக்கிறேன்.

"மேடம், லேத்துக்காரரு சம்சாரம். கண்ணு வெடிக்கிற மாதிரி வலிக்குதாம். வாந்தியாம்."

வாங்கினேன். "எப்படிம்மா வலிக்குது? சொட்டு மருந்து ஒழுங்கா விட்டீங்களா? கண்ணு சிவந்திருக்கா? சீழ் இருக்கா?" எல்லாம் புத்தகத்தில் இருக்கிற கேள்விகள். என் மனதில் கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டதோ என்ற பயம்தான் ஓடியது. அப்படியென்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே ஓடச் சொல்ல வேண்டும். வாயில் அதுதான் வந்துகொண்டிருந்தது.

கவுன்சலர் என் கையைப் பிடித்தாள். அதுவரை அவள் என்னைத் தொட்டதே இல்லை. "மேடம், மொதல்ல எங்க இருக்காங்கன்னு கேளுங்க. பின்னாடி ஹாரன் சத்தமா கேக்குது."

"எங்கம்மா இருக்கீங்க?"

"ஊத்துங்கிற ஊரு தாண்டிட்டோம் டாக்டரம்மா. கொடைக்கானல் ரோட்டுல."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. லேத்துக்காரரின் தங்கையை மலைமேல் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்குத் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் காது குத்த முடியும். இவரோ ஒரே மாமன். வேன் பிடித்து, சீர்த் தட்டுகளை ஏற்றி, சொந்தக்காரர்களோடு கிளம்பிவிட்டார்கள்.

"நாங்க சொன்னதையெல்லாம் மீறிட்டீங்களேம்மா!" என்று கத்தினேன்.

"எதையும் மீறலையே டாக்டரம்மா! வண்டியை இவரு ஓட்டல. மடியில தலகாணி வச்சு, வீட்டுல ஏறுனதுலேருந்து குனிஞ்சேதான் வாராரு. நிமிந்து ஒரு மரத்தைக்கூடப் பாக்கல. பிள்ளையை மடியில வச்சாலும் குனிஞ்சுதான இருக்கப் போறாருன்னுதான் கிளம்புனோம்." அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளைகளா, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அந்த மனிதர் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ்ப்படிந்திருந்தார். மலையேறுகிறபோதுகூடத் தலையைக் கவிழ்த்துக்கொண்டே ஏறியிருக்கிறார். நான் சொல்லாத ஒன்றைத்தான் செய்தார். எங்கேயோ வெளிநாட்டுக்காரன் அவன் ஊர் நோயாளிக்கு எழுதிய எச்சரிக்கையைத் தமிழில் அச்சடித்து, வாழ்நாளில் விமானம் ஏறப்போகாதவரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு மூன்று மணி நேர பஸ் பயணத்தில் மலை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, மலை என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சது?"

"அடிவாரம் தாண்டுனதுல இருந்து லேசா இருந்துச்சு. ஒவ்வொரு வளைவுக்கும் கூடுது. இப்ப..." அவர் குரல் உடைந்தது. "இப்ப வெளிச்சம்கூடத் தெரியலங்கிறாரு."

கேஸ் விரிந்து, கண்ணுக்கு ரத்தம் போகிற குழாயையே நெரிக்கிறது. நிமிஷக் கணக்கு. "வண்டியைத் திருப்புங்க. கீழ எறங்குங்க. இப்பவே."

"மேல கொடைக்கானல்ல ஆஸ்பத்திரி இருக்குல்ல டாக்டரம்மா? அது கிட்டத்துல இல்ல?"

"மேல போனா இன்னும் விரியும்மா! அங்க எம்புட்டுப் பெரிய டாக்டர் இருந்தாலும் போய்ச் சேரும்போது கண்ணு இருக்காது. கீழ எறங்குறதுதான் மருந்து."

வேன்காரர் குரல் கேட்டது. "மேடம், இங்க எங்கிட்டுத் திருப்புறது? பின்னாடி பஸ்ஸு நிக்குது." அதற்குள் யாரோ போனைப் பிடுங்கினார்கள். லேத்துக்காரர்தான். வலியில் மூச்சு இரைத்தது. "டாக்டரம்மா, இன்னும் முக்கா மணி நேரம்தான். பிள்ளையை மடியில வச்சிட்டு ஒடனே எறங்கிடுறேன். தங்கச்சி வீட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க. மாமன் வரலேன்னா அவ தலையைத்தான் உருட்டுவாங்க."

என் கோபம் உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "உன் மடி எங்கயும் போயிடாதுய்யா! நாளைக்கும் இருக்கும், அடுத்த மாசமும் இருக்கும். இந்தக் கண்ணு முக்கா மணி நேரம் தாங்காது! மடியில வச்ச பிள்ளையோட மொகத்தைப் பாக்க வேணாமா உனக்கு?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. பிறகு, "மாப்ள, திருப்புடா" என்று அவர் சொன்னது கேட்டது. அதோடு சிக்னல் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால், அடுத்த நோயாளியைப் பார்த்தேன். அதற்கும் அடுத்தவரையும் பார்த்தேன். யாருக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. பயத்தில் தப்பாக எழுதிவிடக் கூடாதென்று பக்கத்து அறை டாக்டரிடம் என் சீட்டுகளையெல்லாம் இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். கவுன்சலர் கதவோரம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய நின்றுகொண்டிருந்தாள். ஒருவேளை அது கேஸ் இல்லாமல் கிருமியாக இருந்தால், பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவரை விரட்டியவள் நான்தான். அந்த எண்ணமும் என்னைக் குடைந்தது.

ரொம்ப நேரம் கழித்துப் போன் அடித்தது. கவுன்சலர் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு என்னிடம், "வத்தலக்குண்டு கிட்ட வந்துட்டாங்க மேடம். எறங்க எறங்க வலி கொறஞ்சிருச்சாம். வெளிச்சம் தெரியுதாம்" என்றாள்.

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவள் ஒரு டம்ளர் டீயோடு நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் கெடக்கட்டும், டீ ஆறுது மேடம்" என்றாள்.

அவர் வந்து சேர்ந்ததும் ஊசியால் கொஞ்சம் கேஸை வெளியே எடுத்தேன், அழுத்தம் இறங்கியது. கண் பிழைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேஸ் முழுக்கக் கரைந்தபின் பார்த்தால், கீழ்ப்பக்கம் விழித்திரை மறுபடி கொஞ்சம் விலகியிருந்தது. மலையேறியதாலா, நான் தேர்ந்தெடுத்த வழியாலா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேஸ் மேலே மிதக்கிற சமாச்சாரம். கீழ்ப்பக்க ஓட்டையை அது சரியாக அழுத்தாது என்று முதல் வருஷ மாணவனுக்கே தெரியும்.

இப்போது நான் அவர்களிடம் என்ன சொல்வது? "சில பேருக்கு இப்படி ஆகும், இன்னொரு ஆபரேஷன் செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது பொய்யும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை நம் தொழிலில் ரொம்பச் சுலபம், சோறு நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் கவுன்சலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. இருந்தும் என்னால் முடியவில்லை.

"தம்பி, மொதல்லயே ஒங்களுக்குப் பெல்ட்டுதான் போட்டிருக்கணும். நான் தப்பா முடிவெடுத்துட்டேன். மலையேறக் கூடாதுன்னும் நான் சொல்லல. ரெண்டும் என் தப்பு. இப்ப வெளியிலேருந்து பெல்ட்டு போடணும். என்கிட்ட வேணாம்னு தோணுனா, வேற நல்ல டாக்டருக்கு நானே லெட்டர் தாரேன்."

அந்த அம்மாவுக்குப் பொங்கிவிட்டது. "அப்ப இவரு பட்ட பாடெல்லாம்? அம்புட்டு நாளு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடந்தாரே! சோறுகூடக் குனிஞ்சே தின்னாரு! நல்லாருக்கு டாக்டரம்மா ஒங்க நியாயம்!"

லேத்துக்காரர் மனைவியின் கையை அழுத்தினார். பிறகு சொன்னார்: "எங்க பட்டறையில ஒரு ஜாப் அளவு தப்பிப் போச்சுன்னா, சூப்பர்வைசர் கண்ணுல படாம இரும்புச் சுருளுக்கு அடியில தள்ளி மறைச்சிருவோம் டாக்டரம்மா. நானும் மறைச்சிருக்கேன். நீங்க எடுத்து மேசை மேல வச்சுட்டீங்க. நீங்களே போடுங்க." அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார். "இந்தப் பெல்ட்டோட மலையேறலாமா?"

"எவரெஸ்ட்டே ஏறலாம்யா" என்றேன். அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

அந்த முறை ஆபரேஷனுக்கு முன்பு கவுன்சலர் அவர்களோடு பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து கடைசி நாள்வரை அப்படித்தான் வேலை பார்த்தேன்: அவள் கேள்விகள் முதலில், என் கத்தி பிறகு. அறிவுரைத் தாளையும் அவள்தான் மாற்றி எழுதினாள். கேஸ் வைத்தவர்களுக்கு இப்போது நீங்கள் கொடுக்கிறீர்களே, "கொடைக்கானல், ஊட்டி, மூணாறு, ஏற்காடு, எந்த மலைக்கும் போகக் கூடாது, குனிந்து உட்கார்ந்துகொண்டும் போகக் கூடாது" என்று, அந்த வரியைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். இனிச் சிரிக்கமாட்டீர்கள். விமானம் அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது.

பெல்ட் நன்றாகப் பிடித்தது. விழித்திரை ஒட்டியது. மையம் பிழைத்ததா, வேலைக்குத் திரும்புகிற அளவுக்குப் பார்வை வருமா என்பது மட்டும் பல வாரம் தெரியாமல் இருந்தது. லேத் வேலைக்கு நூல் கணக்கில், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் பார்க்கிற நுணுக்கமான பார்வை வேண்டும். சுவரிலிருக்கிற எழுத்துகளில் கீழ் வரிசைகளை அவர் தயங்கித் தயங்கித்தான் படித்தார். அனுமானத்தில் சொல்கிறாரா, பார்த்துச் சொல்கிறாரா என்று எனக்கே நிச்சயமில்லை.

அப்போதுதான் அந்த அம்மா ஒரு பத்திரிகையோடு வந்தார். காதுகுத்துப் பத்திரிகை. வேன் திரும்பிய அன்றைக்கு மலைமேல் விஷயம் தெரிந்ததும், லேத்துக்காரரின் தங்கை, "அண்ணன் மடி இல்லாம எம்பிள்ளை காதுல ஊசி படக் கூடாது" என்று சொல்லி, வந்த சனத்துக்கெல்லாம் சோறு போட்டு அனுப்பிவிட்டாளாம். மாமியார் வீட்டில் எவ்வளவு ஏச்சு வாங்கினாளோ, பாவம். அண்ணன் மலையேற வேண்டாமென்று அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்துவிட்டாள். மலையேறலாம் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான்.

அழகர்கோவில் அடிவாரத்தில் விசேஷம். நானும் கவுன்சலரும் போனோம். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை லேத்துக்காரர் மடியில் வைத்திருந்தார். காது குத்த வந்த ஆசாரி வயதானவர். இரண்டு காதுமடலிலும் மையால் பொட்டு வைத்துவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேத்துக்காரர் மட்டும் பிள்ளையின் தாடையை மெதுவாகப் பிடித்து நேராகத் திருப்பி, சோடாபுட்டிக் கண்ணாடி வழியாக ஒரு காதைப் பார்த்தார், மறு காதைப் பார்த்தார்.

"அண்ணே, நிறுத்துங்க" என்றார். "எடது பக்கம் அரை நூல் எறங்கியிருக்கு."

"நாப்பது வருசமா குத்துறேன்யா, எனக்கேவா?" என்று ஆசாரி சிலிர்த்துக்கொண்டார். ஒரு மெல்லிய கயிற்றை எடுத்து இரண்டு காதுக்கும் குறுக்கே பிடித்துப் பார்த்தார். எட்டிப் பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எச்சில் தொட்டு இடது பொட்டை அழித்துவிட்டு, அரை நூல் மேலே புதிதாக ஒன்று வைத்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். கவுன்சலர் என் காதருகே குனிந்து, "பார்வை எம்புட்டுன்னு ரெக்கார்டுல எழுதிக்கவா மேடம்?" என்றாள்.

"அரை நூல்னு எழுதிக்கோ" என்றேன்.